ஆர்.சி. புக்குக்குள் அடங்கிய ஒரு டூரிங் புல்லட்

பழைய புல்லட்டை டூருக்கு ஏற்றபடி கட்டப் போகிறேன் என்று சொன்னால் போதும், கேட்கிற எல்லாரிடமும் ஒரு யோசனை தயாராக இருக்கும். 500 சி.சி. போர் (பெரிய சிலிண்டர்) போட்டுவிடு, டேங்கை வெட்டிப் பெருசாக்கு, பின்னால் சேஸை ஒரு சாண் நீட்டிக்கொள், மிலிட்டரி பச்சை அடி. கட்டி முடித்த வண்டி எந்தக் காகிதத்தில் என்ன வண்டியாக இருக்கும் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் ஸ்பேனரைத் தொடும் முன்னால் ஆர்.சி. புக்கைத்தான் திறந்துவைத்தேன். இந்த வண்டியில் எடுத்த முடிவுகளில் பாதி அந்த அட்டையில் அச்சாகியிருக்கும் வரிகளைப் பார்த்து எடுத்தவை.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒருவர் கராஜில் பைப்பை வளைத்து சேஸ் செய்து, எங்கிருந்தோ ஒரு இன்ஜினை வாங்கி மாட்டி, ரசீதுகளைக் காட்டிப் புது நம்பர் வாங்கிவிடலாம். நம்மிடம் அந்தக் கதவு இல்லை. புதிதாக ஒரு மாடல் ரோட்டுக்கு வர வேண்டுமானால் புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான சோதனை நிறுவனத்தில் டைப் அப்ரூவல், அதாவது அந்த மாடலுக்கே ஒப்புதல், வாங்க வேண்டும். அது கம்பெனிகளுக்கான பாதை, தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. நமக்கு இருப்பது ஒரே வழி. ஏற்கெனவே பதிவான வண்டி ஒன்றை வாங்கி, அதன் சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் அப்படியே இருக்க, மிச்சத்தைக் கட்டிக்கொள்வது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு சொல்வதைச் சுருக்கினால், கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் வேறுபாடு வரும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. மாற்றம் என்றால் என்ன என்றும் அதிலேயே விளக்கம் இருக்கிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே என்று ஆகிவிட்டது. வண்டிக்கு இவ்வளவு என்றில்லை, மாற்றத்துக்கு இவ்வளவு. இதைப் படித்த பிறகு சேஸை நீட்டும் ஆசை தானாகவே அடங்கிவிடும்.

மிலிட்டரி பச்சை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராணுவ வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில், 121வது விதியில், நேராகவே இருக்கிறது. ஊர் முழுக்க ஓடுகிறதே என்றால் ஓடுகிறதுதான். ஆர்.சி.யில் நிறத்துக்கு என்று ஒரு வரி இருப்பதால் வேறு எந்த நிறத்துக்குப் போனாலும் ஆர்.டி.ஓ. ஆபிஸில் பதிய வேண்டும். என் வண்டி கறுப்பு, கறுப்பாகவே விட்டுவிட்டேன். ஒரு அலைச்சல் மிச்சம்.

வண்டி 2008 கடைசியில் பதிவான ஸ்டாண்டர்டு 350. காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது கால் கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், பாயிண்ட் இக்னிஷன். டூருக்கு இதையா என்று கேட்பவர்களுக்குப் பதில், பக்கத்திலேயே பழைய சாமான் மார்க்கெட் இருக்கிற ஊர்க்காரனுக்கு இதைவிடச் சுலபமான வண்டி கிடையாது என்பதுதான். கோயம்புத்தூரில் உக்கடத்தில் பாதி சாமான் கிடைக்கும், மீதியைக் கணபதிப் பக்கம் லேத்தில் செய்துகொள்ளலாம்.

விற்றவர் ஒரு ஓய்வுபெற்ற மில் தொழிலாளியின் மனைவி. கணவர் இறந்தபின் வண்டி போர்டிகோவில் தார்ப்பாய் போட்டபடி நின்றது. "அவரு இருந்தவரைக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம தொடச்சு வெப்பாருங்க, இப்ப யாரு பாக்கறாங்க," என்றார். விலை பேசுவது பத்து நிமிட வேலை. காகிதம் அப்படியில்லை. ஆர்.சி. இன்னும் இறந்தவர் பெயரில்தான். புரோக்கர் ஒருவர், அவர் கையெழுத்து இருக்கிற பழைய ஃபார்ம் 29, 30 (விற்று வாங்கும்போது பெயர் மாற்றக் கொடுப்பவை) வீட்டிலேயே இருக்கிறதே, தேதி மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றார். செத்தவர் கையெழுத்தில் தேதி போட்டு வாங்கும் வண்டிக்கு எப்படி இன்ஷூரன்ஸ் கேட்பது? நாளைக்கு அந்த வீட்டு வாரிசு ஒருவர் வந்து நின்றால் கட்டிய வண்டி மொத்தமும் கேள்விக்குறி.

சரியான வரிசை இது. முதலில் ஃபார்ம் 31, அதாவது உரிமையாளர் இறந்ததால் வாரிசு பெயருக்கு மாற்றுவது. இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் கேட்டார்கள். பிள்ளைகள் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மா பெயரில் ஆர்.சி. வந்தபிறகு அவர் விற்பவராக ஃபார்ம் 29, நாங்கள் இருவரும் சேர்ந்து ஃபார்ம் 30. விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள். பழைய கடன் பதிவு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த இடத்தில்தான். முன்பு ஃபைனான்ஸில் வாங்கிக் கட்டி முடித்திருந்தாலும் ஃபார்ம் 35 கொடுத்து ரத்து செய்யாவிட்டால் ஆர்.சி.யில் அந்தப் பெயர் நின்றுகொண்டே இருக்கும். இந்த வண்டி ரொக்கத்துக்கு வாங்கியது, தப்பித்தோம். என் பெயர் அச்சான அட்டை கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக்கூட நான் கழற்றவில்லை.

வண்டி நகர்ந்தபோதே பிரச்சினை தெரிந்துவிட்டது. டாப் கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டே ஆக்சிலேட்டரைத் திருகினால் அடிவயிற்றிலிருந்து "டொக் டொக்". டேப்பட் சத்தம் மேலேயிருந்து மெல்லிசாக வரும், அதை அட்ஜஸ்ட் செய்யலாம். பிஸ்டன் ஆடும் சத்தம் இன்ஜின் சூடானால் குறையும். சூடாகச் சூடாகக் கூடுகிற, பாரம் ஏறினால் உரக்கிற கனத்த சத்தம் என்றால் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் அடி முனை. ஹெட்டையும் சிலிண்டரையும் எடுத்து, கனெக்டிங் ராடை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் இழுத்தபோது ஆட்டம் கையிலேயே தெரிந்தது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல்கீழாக ஆடவே கூடாது.

காஸ்ட் அயர்ன் புல்லட்டின் பிக் எண்டில் ரோலர் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே, இரண்டோடும் ஒட்டாமல் சுற்றுகிற ஒரு புஷ். எண்ணெய்ப் படலம் சரியாக இருக்கும்வரை அது ராஜா. பம்பிலிருந்து வரும் எண்ணெய் டைமிங் கவர் வழியாகக் கிராங்கின் முனைக்குள் புகுந்து, ஃப்ளைவீலுக்குள் இருக்கிற சிறிய துளை வழியே கிராங்க் பின்னுக்குப் போக வேண்டும். வருடக்கணக்கில் நின்ற வண்டியில் அந்தத் துளைக்குள் இருந்தது எண்ணெயே இல்லை, கறுப்பாக ஹல்வா பதத்தில் ஒரு பொருள். ஃபில்டரோ அந்தக் காலத்துத் துணி. புஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை.

லேத் மேஸ்திரி கிராங்கை மேசையில் வைத்துப் பார்த்ததும் முதல் கேள்வி: "ஏந்தம்பி, இவ்வளவு தூரம் பிரிச்சாச்சு, 500 போட்டுக்கலாமல்ல? கேஸ் வாயைக் கொஞ்சம் பெருசு பண்ணுனாப் போதும். மலையேறதுக்கு சும்மா பிச்சுக்கும்."

"ஆர்.சி.ல 346 சி.சி.ன்னு இருக்குதுங்ணா."

"அதையெல்லாம் யாரு தொறந்து பாக்கப் போறா?"

யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்தான், ஒரு விபத்து நடக்கும்வரை. 350ன் பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., 500க்கு 84. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 90 மி.மீ. என்பதால்தான் இந்த மாற்று வேலை இவ்வளவு சுலபமாக நடக்கிறது. ஆனால் இது ஆர்.சி.யில் எழுதியிருக்கும் வண்டியே இல்லாமல் போகிற வேலை. வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் கொஞ்சம் வாடியது.

பதிலாக ரோலர் பிக் எண்ட் கிட் போட்டோம், கிராங்க் பின்னும் ராடும் சேர்ந்து வருவது. இன்ஜின் நம்பர் இருக்கும் கேஸ் அப்படியே, சி.சி. அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் கிடையாது. பிரிக்கும்போது கிராங்க் முனையில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு இடது மரை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வழக்கம்போல இடப்பக்கம் திருகி உடைத்த நட்டுகளை மேஸ்திரி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு.

பார்க்க வேண்டிய வேலை ஒன்று உண்டு என்றால் அது கிராங்க் ட்ரூ பிடிப்பது, அதாவது கிராங்க் ஆட்டமில்லாமல் நேராகச் சுற்றும்படி செய்வது. இரண்டு ஃப்ளைவீலையும் கிராங்க் பின்னில் ஏற்றி நட்டு இறுக்கியதும் கிராங்கை லேத்தின் இரண்டு சென்டருக்கு நடுவே தூக்கி வைத்தார். ஷாஃப்ட்டின் மேல் டயல் கேஜ். கையால் மெதுவாக ஒரு சுற்று. முள் ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கியது. சாக்பீஸால் ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு கோடு போட்டார், கிராங்கை இறக்கினார், அந்தக் கோட்டின் மேல் செம்புச் சுத்தியலால் ஒரே அடி. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாமானை அப்படி அடித்தால் பக்கத்தில் நிற்பவனுக்கு வயிற்றைக் கலக்கும். மறுபடி ஏற்றினார், முள் பாதிதான் ஆடியது. மறுபடி கோடு, மறுபடி அடி, இந்த முறை இன்னும் மெதுவாக. இரண்டு பக்கமும் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் வந்ததும் பீடியைப் பற்றவைத்தார். டயல் கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்தே ட்ரூ பிடிக்கிறோம் என்று சொல்கிற பட்டறைக்குக் கிராங்கைக் கொடுக்காதீர்கள்.

சிலிண்டரில் கோடு விழுந்திருந்ததால் இருபது தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு) ஓவர்சைஸ், அதாவது 0.5 மி.மீ. போர். இதில் ஒரு வேடிக்கை. 70 மி.மீ.க்கு 346 சி.சி. வருகிறது. 70.5 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 351. தேர்டு பார்ட்டி பிரீமியம், அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் கட்டணம், 350 சி.சி.யில்தான் மாறுகிறது. அதற்காக ரீபோர் செய்த புல்லட் எல்லாம் மேல் வகுப்புக்குப் போய்விடாது. ரீபோர் தேய்மானத்துக்கான ரிப்பேர், பிரீமியம் ஆர்.சி.யில் இருக்கும் சி.சி.யை வைத்துத்தான்.

பாயிண்ட்டை எலக்ட்ரானிக்குக்கு மாற்றச் சொல்லிப் பலர் நச்சரித்தார்கள். நான் மாற்றவில்லை. 0.35லிருந்து 0.40 மி.மீ. இடைவெளி, ஒரு ஃபீலர் கேஜ், ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு ஸ்பேர் கண்டென்சர். இதை வைத்து எந்த ஊர்ப் புளியமரத்தடியிலும் வண்டியை எழுப்பிவிடலாம். எலக்ட்ரானிக் யூனிட் போனால் லாரிதான். முன் ஸ்ப்ராக்கெட் 16 பல்லிலிருந்து 17 ஆனது. டாப் கியரில் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று ஆறு சதவீதம் குறைகிறது. ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் அதில் பொய் வராது. பெரிய டேங்க் வேண்டாம் என்று முடிவெடுத்தது வெறும் கணக்கு. 14 லிட்டர் சொச்சம் பிடிக்கிறது, நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 35 கி.மீ. அதற்குள் என் முதுகே நிறுத்தச் சொல்லிவிடும்.

சேஸை பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்த இடத்தில்தான் ஆர்.சி. சம்பந்தப்பட்ட பெரிய ஆபத்து இருந்தது. ஸ்டியரிங் தலைப் பக்கம் அடித்திருக்கும் சேஸ் நம்பர் ஆழமில்லாதது. கோட்டிங்குக்கு முன்னால் துருவை எடுக்க மணல் அடிப்பார்கள், அதில் எழுத்தின் விளிம்பு மழுங்கும். அதன்மேல் 60, 80 மைக்ரான் பவுடர் உருகி உட்கார்ந்தால் நம்பர் இருந்த இடம் வெறும் மேடு. நம்பர் தெரியாத சேஸை ஆர்.டி.ஓ. ஆபிஸுக்குக் கொண்டுபோனால் திருட்டு வண்டிக்குப் பதில் சொல்கிற நிலைமைதான். அதனால் கொடுக்கும் முன்பே நம்பரைச் சுற்றி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மேலே டேப் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். போட்டோவும் எடுத்தேன், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. அந்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி மூன்று மடிப்பாக ஒட்டித்தான் மணல் அடிக்க விட்டேன். அடித்து முடித்ததும் டியூபை உரித்துவிட்டு, 200 டிகிரி அடுப்பைத் தாங்குகிற பச்சை டேப்பை நம்பர் அளவுக்கு வெட்டி ஒட்டச் சொல்லி அங்கேயே நின்றேன். கோட்டிங் கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை, "பாக்க அசிங்கமா இருக்குமேண்ணா, தீப்பெட்டி அளவுக்கு இரும்பு தெரியும்." தெரியட்டும். அந்தத் தீப்பெட்டிக்கு மேல் மெல்லிசாக கிளியர் லேக்கர் அடித்துவிட்டேன், துரு பிடிக்காது, எழுத்தும் தெரியும்.

பெட்டிகளுக்கான ஃப்ரேம் ஆறு நூல் (முக்கால் அங்குல) பைப்பில் செய்தது. ஒரே விதி, சேஸில் வெல்டிங் கிடையாது. பின் ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட், மட்கார்டு ஸ்டே, பின் ஃபுட்ரெஸ்ட் போல்ட், இந்த மூன்று இடத்தில் ஏற்கெனவே இருக்கும் மரைகளைப் பிடித்துத்தான் ஃப்ரேம் நிற்கிறது. கழற்றினால் கம்பெனி வண்டி திரும்பி வந்துவிட வேண்டும். பெட்டி 2 மி.மீ. அலுமினியத் தகடு, மூலையில் ரிவெட், மூடிக்கு அடியில் ரப்பர் பீடிங். இரண்டு பெட்டியின் வெளி விளிம்பும் ஹேண்டில்பாரின் அகலத்துக்குள் அடக்கம். முன்னால் நுழைகிற சந்தில் பின்னாலும் நுழையும். பாரம் முடிந்தவரை பின் ஆக்ஸிலுக்கு முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் மலையேற்றத்தில் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் நீந்தும். வலப்பக்கம் சைலன்சர் இருப்பதால் அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கி, நடுவே ஒரு தகடு.

இடப்பக்கத்தில் வேறொரு சங்கதி. டூர் வண்டி கட்டுகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது சேலைக் கம்பியை. ஆனால் 123வது விதிப்படி பின் சீட்டுக்காரருக்குக் கைப்பிடியும் ஃபுட்ரெஸ்டும் பின் சக்கரத்தில் துணி மாட்டாமல் இருக்க ஒரு மறைப்பும் இருந்தே ஆக வேண்டும். சேலைக் கம்பியை அப்படியே விட்டு, அதற்கு வெளியே பெட்டி ஃப்ரேம் வரும்படி இரண்டு அங்குலம் நகர்த்தினேன். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டு ஆசையையும் இதே காரணத்துக்காக விட்டேன், ஆர்.சி.யில் இருக்கை இரண்டு. சைலன்சர் கம்பெனியின் நீளக் குழாய். பலருக்கு இதில்தான் மனசு ஆறாது. என் மனசு ஆறிவிட்டது, தொடர்ந்து எட்டு மணி நேரம் அந்த வெடிச்சத்தத்துக்கு மேலேயே உட்கார்ந்து போகிறவன் நான்தானே.

விளக்கு வேலை சீக்கிரம் முடிந்தது. பத்து வாட் எல்.இ.டி. இரண்டு, ரிலே, தனி ஃபியூஸ். போதுமா அதிகமா என்று அம்மீட்டரே சொல்லிவிடும். ஹெட்லைட்டும் இவையும் எரிய, நாற்பதில் போகும்போது முள் நடுவில் நின்றால் பேட்டரி பிழைக்கும்.

பதிவு 15 ஆண்டு முடியும் சமயம் நெருங்கியதால் ஆர்.சி. புதுப்பிப்பும் சோதனையும் ஒன்றாக வந்தன. ஃபார்ம் 25, காலாவதிக்கு 60 நாள் முன்னதாகத்தான் கொடுக்க முடியும். அப்போது கட்டணம் இரு சக்கர வண்டிக்கு 1,000 ரூபாய், 2022 ஏப்ரலுக்கு முன்பு 300 தான். பசுமை வரி தனி. புகைச் சான்றுக்குப் போனபோது மெஷின்காரரிடம் குழாயை உள்ளேயே விட்டுவைக்கச் சொல்லி, கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பிப் பார்த்தேன். இந்தக் காலத்து வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம் வரை போகலாம். 2க்குக் கீழே வந்ததும் ஸ்க்ரூவில் பெயிண்ட்டால் ஒரு புள்ளி வைத்தேன். பிளக்கைப் பார்த்து ட்யூன் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆர்.டி.ஓ. ஆபிஸ் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "என்னப்பா, பொட்டிக்கடை வெச்சிருக்கியா?"

"டூருக்குங்க சார். கழட்டுற மாதிரிதான்."

"வெல்டிங் எங்கயாவது?"

இல்லை என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கத்துப் பெட்டியைக் கையோடு இறக்கிக் காட்டினேன். குனிந்து சேஸ் நம்பரைக் கட்டை விரலால் தடவினார். பவுடர் கோட்டிங் என்று தெரிந்ததும் இரும்பு தெரிகிற அந்தத் தீப்பெட்டி அளவு இடத்தைப் பார்த்து, "இது நீயே செஞ்சியா?" என்றார். பென்சில் பிரிண்ட் பழைய ஃபைலில் இருந்ததோடு பொருந்தியது. இன்ஜின் நம்பர், இண்டிகேட்டர், ஹாரன், சேலைக் கம்பி, பின் ரிஃப்ளெக்டர். ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டச் சொல்லி, பிரேக் பிடிக்கச் சொன்னார். டிரம்மை லேத்தில் கடைந்து புது லைனிங் ஒட்டியிருந்ததால் வண்டி நேராக நின்றது. ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

இன்ஷூரன்ஸில்தான் உண்மையான பேச்சுவார்த்தை. தேர்டு பார்ட்டி யாருக்கும் மறுக்கப்படுவதில்லை. 150லிருந்து 350 சி.சி. வரை 1,366 ரூபாய், 350க்கு மேல் 2,804, 2022 ஜூனில் நிர்ணயித்த விலை இது. இரண்டு மடங்குக்கும் மேல். 500 போர் போட்டவர்கள் 1,366 கட்டிவிட்டு ஓட்டுவது எந்த நம்பிக்கையில் என்று எனக்கு விளங்கவில்லை.

சொந்தச் சேதத்துக்கும் சேர்த்துக் கேட்டால் ஆன்லைனில் 15 வருட வண்டி என்றதுமே கதவு சாத்தியது. ஒரு பொதுத்துறைக் கம்பெனியின் கிளைக்கு நேரில் போனேன். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஐ.டி.வி. (இன்ஷூரன்ஸுக்காக வண்டிக்கு வைக்கும் மதிப்பு) அட்டவணைப்படி வராது, இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்கிற மதிப்புதான். இது பலருக்குத் தெரியாது, ஏஜெண்டுகள் வாயில் வந்த தொகையைப் போட்டுவிடுவார்கள். நான் கிராங்க் வேலை, டயர், கோட்டிங் எல்லாவற்றின் ரசீதையும் ஒரு ஃபைலில் வைத்து, அதே வருடத்து வண்டிகள் இங்கே என்ன விலைக்குப் போகின்றன என்ற விவரத்தோடு கொடுத்தேன். சர்வேயர் வந்து போட்டோ எடுத்தார். கேட்டதில் முக்கால்வாசியை ஒப்புக்கொண்டார்கள்.

பெட்டி, ஃப்ரேம், விண்ட்ஷீல்டு எல்லாம் மின்சாரம் சாராத உதிரிகள் என்று தனி வரியில், எல்.இ.டி.யும் சார்ஜரும் மின் உதிரிகள் என்று இன்னொரு வரியில். மின் உதிரிக்கு மதிப்பில் 4 சதவீதம் கூடுதல். 6,000 ரூபாய்க்குக் காட்டினால் 240 ரூபாய். இதை மறைத்து மிச்சம் பிடிப்பதில் என்ன லாபம்? புரொபோசல் ஃபார்மில் எழுதாத ஒன்றை க்ளெய்மில் கேட்க வாயே இருக்காது. கோயம்புத்தூர் பதிவு என்பதால் பி மண்டலம், சென்னை பதிவுக்கு ஏ மண்டலம், கட்டணம் சற்றுக் கூட. நேபாளம், பூடான் பக்கம் போகிற யோசனை இருப்பவர்கள் பாலிசியின் எல்லையை நீட்டிக்கும் எண்டார்ஸ்மென்ட்டைக் கிளம்பும் முன்னாலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும், இந்தியாவைத் தாண்டினால் சாதாரண பாலிசி செல்லாது.

பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு உலோகப் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் பாதிதான். சின்ன இடி, வளைசலுக்கு க்ளெய்ம் போய் நோ க்ளெய்ம் போனஸை இழப்பதைவிடக் கையிலிருந்து கொடுப்பதே மேல். வண்டி மொத்தமாகப் போனால், திருடு போனால், அதற்குத்தான் இந்தப் பாலிசி.

பாலிசியின் பொடி எழுத்தைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இரு சக்கர வண்டியில் உதிரிச் சாமான் மட்டும் திருடு போனால் பணம் கிடையாது, வண்டியும் சேர்ந்து போனால்தான். கூடுதல் பிரீமியம் கட்டினால் அதற்கும் கவர் உண்டு என்று புத்தகத்தில் இருக்கிறது, அந்தக் கிளையில் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பெட்டிக்குள் இருக்கும் துணிமணி, கேமரா எதுவும் எப்படியும் கணக்கில் வராது. அதனால் ஃப்ரேமில் ஸ்பேனர் போட்டுக் கழற்றுகிற நான்கு நட்டுகளை எடுத்துவிட்டு, பெட்டியின் உள்பக்கமிருந்து கையால் திருகுகிற நாப்புகளாக மாற்றினேன். மூடியின் பூட்டைத் திறந்தால்தான் நாப் கைக்கு வரும். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏற்றி இறக்கிப் பார்த்ததில் வலப்பக்கத்து நாப் ஒன்று அதிர்வில் தளர்ந்தது, அதற்கடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறேன். ராத்திரி லாட்ஜுக்குப் போனதும் இரண்டு பெட்டியும் என்னோடு ரூமுக்குள் வந்துவிடுகின்றன.